எல்லை தாண்டி வந்த கறி

விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் உண்டு. துணி காயப்போடும் கொடி, ஒரு கொய்யா மரம், செப்டிக் டேங்க் மூடி, இவை போக மிச்சமிருந்த மூலையில் என் டிரம் நிற்கிறது. நல்லெண்ணெய்க் கடையில் வாங்கிய காலி டிரம். திண்டுக்கல் ரோட்டு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அடியில் கரி போட ஒரு சின்னக் கதவும், காற்றுப் போக இரண்டு ஓட்டையும், மேலே கறியைத் தொங்கவிடக் குறுக்குக் கம்பியும் வைத்துக்கொண்டேன். மூடியில் ஒரு குழாய். அவ்வளவுதான். காலையில் ஒரு ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டால் ஆறு மணி நேரத்தில் கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஐம்பது வயதுக்குப் பக்கத்தில். பத்தாவது வரை படித்தவன் நான். தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. பெல் அடித்தால் எழுந்து போக வேண்டும், கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்க வேண்டும். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் யாரோ ஒரு தாத்தா, வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகையில் கறியை வேகவைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் எங்கும் ஓடவில்லை. எனக்குக் கறியை விட அந்த நாற்காலிதான் பிடித்தது.

என் மனைவி முதலில் திட்டினாள். "வீட்ல கேஸ் அடுப்பு இருக்கு, குக்கர் இருக்கு. நாலு விசில்ல வேகுற கறிய நாள் பூரா பொகைய விட்டு வேக வைப்பாகளாம்ல" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தது என் காதிலேயே விழுந்தது: "எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் சம்சாரம் கட்டிக் கொல்லையில வச்சிருக்காருக்கா. நல்ல கருப்பு. ஞாயித்துக்கெழமை ஆனா அவ பக்கத்துலயே உக்காந்துக்குவாரு."

எனக்கென்று சில முறைகள் வைத்திருந்தேன். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை ஆகிய நாட்களில் டிரம்மைத் தொடுவதில்லை. புரட்டாசி முழுக்கச் சாக்குப் போட்டு மூடிவைப்பேன். பற்றவைக்கும் முன் ஒரு கட்டி சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அந்த நெருப்பிலேயே கரியைப் பிடிக்கவிடுவேன். சீமைக்கருவேலங் கரி. அதன் மேல் காய்ந்த கொய்யாக் கட்டை ஒன்று. வேப்பங்கட்டை போடவே மாட்டேன், கசக்கும், அதோடு அது அம்மன் மரம். வெள்ளையாகத் திரண்டு வரும் புகை கெட்ட புகை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நீலமாக நூல் போல வந்தால் அதுதான் கறிக்கு ஆகும். கறி காலை ஆறு மணிக்கு வெட்டியதாக இருக்க வேண்டும், எட்டு மணிக்குள் டிரம்முக்குள் போய்விட வேண்டும். இறக்கியதும் எலும்போரத்தில் ஒரு துண்டு அறுத்து நான்தான் முதலில் வாயில் போட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகே மற்றவர்களுக்கு. இவை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கருக்கியும் பச்சையாக எடுத்தும் நானே கற்றுக்கொண்டவை.

இதையெல்லாம் ரசித்துச் சாப்பிட்டவர் என் அண்ணன் ஒருவர்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எழுமலையில் விவசாயம் பார்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்துவிடுவார். முதன்முதலில் மூடியைத் திறந்து, கொக்கியில் தொங்கும் தொடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டா, ஆட்டக் கொன்னது பத்தாதுன்னு தூக்கு வேற போட்டிருக்கியா?" ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கையை நக்கிக்கொண்டே கேட்டார்: "அடுத்த தூக்கு எப்படா?"

அவருக்கு இருந்த ஒரே கண்டிப்பு சாமி விஷயத்தில்தான். எங்கள் குலசாமி எழுமலைக்குப் பக்கத்தில், காட்டு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. கூரை கிடையாது. நான்கு பக்கமும் எல்லைக்கல் நட்டிருக்கும். மாசி மாதம் பங்காளிகள் எல்லோரும் கூடிக் கிடா வெட்டிக் கும்பிடுவோம். அங்கே ஒரு விதி. வெட்டிய கிடாவில் ஒரு எலும்புத்துண்டு கூட எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. பச்சையாகவும் கூடாது, சமைத்தும் கூடாது. அங்கேயே சமைத்து, அங்கேயே எல்லோரும் சாப்பிட்டு, மிஞ்சியதைப் பொழுது சாய்வதற்குள் அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவி உதறிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அண்ணன்தான் இதை முதலில் சொல்லுவார். ஒருமுறை ஒரு பங்காளி மகன் தூக்குச்சட்டியில் குழம்பு எடுத்துப் போகப் பார்த்தான். அண்ணன் எல்லைக்கல் வரை ஓடிப்போய்ச் சட்டியைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தார். "சாமி வீட்டுச் சோத்தச் சாமி வீட்லதாண்டா திங்கணும்" என்றார். அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது நடந்த வருடம் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று பயந்து, கால் தப்பித்தால் ஒரு கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஏற்கெனவே குட்டியாக வாங்கி அவரே வளர்த்து வந்த கிடாவை அதற்கு ஒதுக்கினார். கடைசியில் விரலோடு போயிற்று, கால் தப்பித்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அதற்குள் மாசி வந்துவிட்டது. செருப்புப் போட்டு எல்லைக்குள் போகக் கூடாது. செருப்பில்லாமல் மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனால் போக முடியவில்லை.

கும்பிடுக்கு முந்தின நாள் சாயந்திரம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கெடா நல்லா வந்திருக்குடா. பருத்திக்கொட்டை வச்சு வளத்தேன். தொடைய நீ பாக்கணுமே. ம்... நமக்குத்தான் கொடுப்பின இல்ல." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவா என்று சொல்லவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மறுநாள் நான் மட்டும் ஸ்கூட்டரில் போனேன். மனைவி அண்ணனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாள். மதினி, அதாவது அண்ணன் மனைவி, எழுமலையிலிருந்து பொங்கல் பானையோடு வந்திருந்தார். கறி வெட்டும் இடத்தில் இப்போதெல்லாம் என்னைத்தான் உட்காரவைப்பார்கள். "டிரம்மு மாமா வந்தாச்சு, கத்தியக் குடுங்கப்பா" என்று கேலியும் பண்ணுவார்கள். அண்ணனுடைய கிடாவை வெட்டியபோது காலை பத்து மணி இருக்கும். பின்னந்தொடையைக் கையில் எடுத்தேன். அண்ணன் சொன்னது போலவே இருந்தது. அப்போது என் மனதில் ஓடியது இதுதான்: வளர்த்தவர் அங்கே கட்டிலில் கிடக்கிறார், நேர்ந்தவரும் அவர்தான், ஊரே தின்கிறது, அவருக்கு மட்டும் இல்லையா? சாமி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுமா? பாசத்தில்தான் செய்தேன். ஆனால் பாசத்தில் செய்கிறவன் ஒளித்துச் செய்ய மாட்டான். நான் ஒளித்தேன். மூட்டில் ஒடித்து, வாழை இலையில் சுற்றி, விறகுக்கடியில் இருந்த சிமெண்டுச் சாக்குக்குள் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் பொங்கிக் குலவை போட்ட நேரத்தில் சாக்கை எடுத்துப்போய் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

பந்தி முடிந்து, மிச்சத்தைப் புதைத்து, எல்லோரோடும் சேர்ந்து நானும் கையைக் கழுவி உதறினேன். கிளம்பும்போது மணி மூன்றரை. உசிலம்பட்டி, செக்கானூரணி என்று வெயிலிலேயே வந்தேன். சீட்டுக்குக் கீழே இன்ஜின் கொதித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து சாக்கைத் தொட்டபோது, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த பாத்திரம் போல வெதுவெதுப்பாக இருந்தது. ஐஸ் வாங்கி வைத்திருக்கலாம். உசிலம்பட்டியில் நிறுத்தி ஐஸ் வாங்கினால் தெரிந்தவர்கள் யாராவது எதற்கு என்று கேட்பார்களே என்று வாங்கவில்லை.

கடைக் கறி என்று மனைவியிடம் சொன்னேன். கழுவி, உப்பும் மிளகும் இஞ்சி பூண்டும் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் லீவு போட்டு டிரம்மைப் பற்றவைத்தேன். அன்றைக்குச் சூடம் ஏற்றவில்லை. கை போகவில்லை. கரியையும் குறைத்துத்தான் போட்டேன். புகை நிறைய வந்தால் யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது போல ஒரு எண்ணம். விளாங்குடியில் யார் வந்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

மதியம் இறக்கினேன். வெளியே பழுப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாகவே இருந்தது. அறுத்ததும் எலும்போரம் சிவந்திருந்தது. புகையில் வெந்த கறியில் எப்போதுமே ஒரு சிவப்பு வரும், அது நல்ல சிவப்பு. இது அதுவா, வேகாத சிவப்பா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாயில் போட்டால் தெரிந்துவிடும். நான் போடவில்லை. எல்லை தாண்டி வந்த கறியை வாயில் வைக்க எனக்குப் பயம். தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினேன்.

"நீ திங்கலயாடா?"

"நேத்துக் கோயில்ல தின்னதே இன்னும் மந்தமா இருக்குண்ணே. நீங்க சாப்பிடுங்க."

என் மனைவி ஆட்டுக்கறி சாப்பிட மாட்டாள், கோழி மட்டும்தான். ஆகவே சாப்பிட்டது அண்ணன் ஒருவர்தான். பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

"எந்தக் கடைடா?"

"பாலத்துப் பக்கம் இருக்குல்லண்ணே, அந்தக் கடை."

"நல்ல கெடாடா. நம்ம கெடா இம்புட்டு இருந்திருக்குமா?"

"இருக்கும்ணே" என்றேன். சொல்லிவிட்டு டிரம்மில் சாம்பல் அள்ளுவது போலக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிவதற்குள் அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. கூடவே வாந்தி. முதலில் இஞ்சிச் சாறு, உப்புத் தண்ணீர் என்று கொடுத்துப் பார்த்தோம். எட்டு மணிக்குக் கை கால் இழுக்கத் தொடங்கியதும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விடியும்போதே தகவல் சொல்லியிருந்ததால் மதினியும் எழுமலையிலிருந்து வந்துவிட்டார். டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார்: "கடைசியா என்ன சாப்பிட்டாரு? வெளிச் சாப்பாடு, கறி, மீன் ஏதாவது?"

மதினி என் பக்கத்தில்தான் நின்றார்.

"வீட்டுச் சாப்பாடுதான் சார். இட்லி. ரசஞ்சோறு."

கறி என்று சொன்னால் எந்தக் கறி, எங்கே வாங்கியது என்று மதினி கேட்பார். கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவுதான் காரணம். சாகக் கிடந்த அண்ணனை விட, என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வது அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாரிடம் போய் அண்ணனைக் காப்பாற்று என்று தோப்புக்கரணம் போட்டேன். டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டுப் பிள்ளையாரிடம் என்ன கேட்க முடியும்?

மறுநாள் காலை மனைவி பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கறி தின்னதச் சொன்னீகளா டாக்டர்ட்ட?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, கேக்குறேன்ல?"

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். சாக்கு, சீட்டுக்கடி, பாலத்துக் கடைப் பொய், எல்லாம். அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போங்க. டாக்டர்ட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க. மதினிகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார். மருந்தை மாற்றி எழுதினார். நேற்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. சர்க்கரை உடம்பு, ஏற்கெனவே தளர்ந்தது, கிட்னி வேலை செய்யவில்லை என்று அன்று சாயந்திரம் சொன்னார்கள்.

நான்காம் நாள் அண்ணனுக்கு நினைவு நன்றாகத் தெளிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்ததால் திரையை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மதினி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க தின்னது கடைக் கறி இல்லண்ணே."

அவர் கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"நம்ம கெடா. கோயில்லருந்து நான்தான் ஒளிச்சு எடுத்தாந்தேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அந்தச் சட்டியைக் கவிழ்த்த கோபம் வரும், என்னை அறைந்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன். ஆனால் அவர் கேட்டது இதுதான்:

"நீ தின்னியா?"

"இல்லண்ணே."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"என்கிட்டச் சொல்லியிருந்தா எனக்கும் பயம் வந்திருக்கும்ல?"

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். கட்டுப் போட்ட கால். "வலிக்குது, விடு" என்றார். விட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் போல என்று எழுந்தேன். அப்போது சொன்னார்:

"நீ சாமி எல்லைக்குள்ள நின்னு சொல்லணும். பங்காளிக அம்புட்டுப் பேரும் கேக்கணும். எங்கண்ணன் தெரியாமத் தின்னாருன்னு சொல்லு. உன் மதினியும் கேக்கட்டும். நான் தெரிஞ்சு தின்னவன் மாதிரிப் போயிறக் கூடாதுடா."

"சொல்றேண்ணே."

"இங்க வச்சு அவகிட்டச் சொல்லாத. அழுவா."

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னோடும் அதிகம் பேசவில்லை. மதினியிடம் மோட்டார் ரூம் சாவி எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னார், கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். நான் வாயில் தண்ணீர் விட்டால் குடித்துக்கொண்டார். எட்டாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

டாக்டர் கிருமி என்றார். நான் அதை மறுக்கவில்லை. அந்தக் கறி ஏழு மணி நேரம் வெக்கையில் கிடந்தது எனக்குத் தெரியும், அரைகுறையாக வெந்ததும் தெரியும். ஆனால் நான் சாமிக்குப் பயந்து ஒளிக்காமல் இருந்திருந்தால் ஐஸ் வாங்கியிருப்பேன். சாமிக்குப் பயந்து வாயை மூடாமல் இருந்திருந்தால் முதல் துண்டை நான் தின்று பார்த்திருப்பேன். எதை எதிலிருந்து பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் படிப்புக்கு அது எட்டவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர்கள் எல்லோர் முன்னும் மதினி சொன்னார்: "என் கொழுந்தன் ஒரு மகன் செய்ய வேண்டியதச் செஞ்சாரு. ஒரு மாசம் வீட்ல வச்சுப் பாத்தாரு. அங்க இருந்தப்ப ஒருநா அவுகளுக்கு ஆசையாக் கறி செஞ்சு குடுத்தாருன்னு அவரு சம்சாரம் சொன்னுச்சு. அந்தத் திருப்தியோடதான் போனாக." என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே சொல்லிவிடலாம் போல வந்தது. ஆனால் சாமி எல்லையில் சொல்லு என்பது அண்ணன் வாக்கு. அதோடு, தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்ததில் என் மனது கொஞ்சம் ஆறுதல்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பும் வரை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. அடுத்த மாசிக் கும்பிடு வந்தபோது வருடம் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. எனவே அந்தக் கும்பிடுக்கும் போக முடியவில்லை. இரண்டு வருடம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மதினி வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று கத்தரிக்காயும் மொச்சையும் கொண்டுவருவார். "தம்பி இளைச்சுட்டாரே" என்பார். "எங்க, ஒழுங்காத் திங்கிறதே இல்லக்கா" என்று மனைவி என் கண்ணைப் பார்க்காமல் சொல்லுவாள்.

டிரம்மை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் போடவில்லை. எட்டு மாதம் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழியை வாங்கிவந்து பற்றவைத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இப்போது கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறேன். எலும்பு வரை குத்திப் பார்ப்பேன். யார் வந்திருந்தாலும் முதல் துண்டு நான் தின்று அரை மணி நேரம் கழித்துத்தான் தட்டு போகும். விருந்தாளிகள் சிரிப்பார்கள். "என்ன மாமா, ராசாவுக்கு வெசம் பாக்குற மாதிரி?" என்று மைத்துனன் மகள் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

மூன்றாம் மாசி வந்தது. காலையிலேயே போய்விட்டோம், நானும் மனைவியும். மதினி முன்னாலேயே வந்து அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தார். கிடாவுக்குத் தண்ணீர் தெளிக்கும் முன் பங்காளிகள் எல்லோரும் சாமிக்கு முன்னால் வந்து நிற்பது வழக்கம். நான் நடுவில் போய் நின்றேன். "ஒரு வார்த்த சொல்லணும்" என்றேன். யாரோ ஒருவர், "என்னண்ணே, கத்தி மொட்டையா இருக்கா?" என்று சிரித்தார்.

சொன்னேன். எழுதி வைத்துப் படித்தது போல வரவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. தொடையை எடுத்தது, சீட்டுக்கு அடியில் வைத்தது, நான் தின்னாமல் அண்ணனுக்குக் கொடுத்தது, டாக்டரிடம் பொய் சொன்னது. "எங்கண்ணன் கேக்கல. எங்கண்ணனுக்குத் தெரியாது. தெரியாமத்தான் தின்னாரு. குத்தம் என்னோடது" என்று மூன்று தடவை சொன்னேன். சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதினி கையில் அகப்பையோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அவுக கேக்கவே இல்லியா?"

"கேக்கல மதினி. கொடுப்பின இல்லைன்னு மட்டும் சொன்னாக. நானாத்தான் எடுத்தேன்."

"ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலதான நின்னேன்?"

"ஆமா மதினி."

"ரசஞ்சோறுன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் கேட்டார். அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அன்று அந்தச் சொல் வரவில்லை.

மேளம் அடித்தது. எங்கள் சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. கையில் திருநீற்றுத் தட்டு. ஆடிக்கொண்டே நேராக மதினி முன்னால் போய் நின்றார். "எம்புள்ள மேல குத்தமில்ல. எம்புள்ள எங்கிட்டத்தான் இருக்கான்" என்று சொல்லி ஒரு கை நிறைய அள்ளி அவர் கையில் கொட்டினார். மதினி வாய்விட்டு அழுதார். அண்ணன் செத்த அன்று கூட அப்படி அழவில்லை. கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டேன் என்று எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு சாமியாடி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவிக்குக் கொடுத்தார். அடுத்து நின்ற நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப்போய், எனக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குக் கொடுத்தார். நெருக்கடியில் விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அருள் தணிந்த பிறகு அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அவருக்கு நினைவிருக்காது என்பார்கள்.

என் கை நீட்டியபடியே இருந்தது. அதை மனைவி பார்த்துவிட்டாள். தன் உள்ளங்கையில் இருந்ததில் கொஞ்சம் விரலால் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. அது உனக்குக் குடுத்தது."

அவள் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டாள். அங்கே யாரோ என்னைக் கறி வெட்டக் கூப்பிட்டார்கள். வேறு யாரையாவது உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மதினிக்கு விறகு எடுத்துப் போடப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளவும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன்.